நாலு அறையாகப் பின்னால் வந்தவன்

"திரும்பிப் பார்க்காதே. ஒருத்தன் நம்ம பின்னாடியே வரான்."

கணவர் இப்படிச் சொன்னதும் மனைவி செய்த முதல் காரியம், நன்றாகத் திரும்பிப் பார்த்ததுதான்.

"யாருங்க? அந்தக் கறுப்புக் கோட்டா?"

"பார்க்காதேன்னா பார்க்கறியே! அவனேதான். மூணு அறையா கவனிக்கறேன். நாம நின்னா நிக்கறான், நடந்தா நடக்கறான்."

"மியூசியத்துக்கு வந்தவன் படம் பார்க்கத்தாங்க வந்திருப்பான். நீங்க வேற."

"படத்தையா பார்க்கறான்? உன் கையையேல்ல பார்க்கறான்!"

அவள் கையில்தான் பை இருந்தது. பைக்குள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் இருந்தது. அது போய்விட்டால் ஊர் போய்ச் சேர்வது எப்படி? பாஷை தெரியாத ஊரில் எந்தப் போலீஸிடம் போய் என்னவென்று அழுவது?

டூர் டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாப்பிள்ளை, ஏர்போர்ட் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். "மாமா, அந்த ஊர்ல பிக்பாக்கெட் ஜாஸ்தி. பார்க்க டீசன்டா இருப்பாங்க. கொஞ்சம் அசந்தீங்க, அவ்வளவுதான்."

மாமா அசருகிற ஆளா? முப்பது வருஷம் லாட்ஜ் மேனேஜர். கவுன்டருக்கு வந்து நிற்கிறவன் வாயைத் திறப்பதற்குள், ரூமைக் காலி பண்ணும்போது இவன் துண்டைச் சுருட்டிக்கொண்டு போவானா மாட்டானா என்று கணித்துவிடுவார். பாதி நேரம் அந்தக் கணிப்பு தப்பாகத்தான் இருக்கும். அதை அவரிடம் யார் சொல்வது?

"எந்த அறையிலேருந்துங்க வரான்?"

"அந்த நூல் திரைச்சீலை தொங்குதே, அங்கேருந்து. நீதான் அந்த இடத்தை விட்டு அசையவே மாட்டேன்னுட்டியே!"

வாஸ்தவம்தான். காலையிலிருந்து எத்தனையோ படம் பார்த்தாயிற்று. அவளுக்கு ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. சுவர் உயரத்துக்குக் குதிரை, நாய், மரம் என்று நூலாலேயே நெய்து தொங்கவிட்டிருந்த அந்தத் திரைச்சீலையைப் பார்த்த பிறகுதான் முகத்தில் களையே வந்தது. கார்மென்ட் கம்பெனி செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். துணியைப் பார்த்தால் விடுவாளா? கயிற்றுத் தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு அவள் நெசவைப் பார்த்தாள். அவர் பையின் ஜிப்பைப் பார்த்தார்.

"பையை முன்னாடி மாட்டிக்கோ. நட."

அவள் பையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடுத்த அறையில் நல்ல கூட்டம். ஏதோ ஒரு ராணி படத்துக்கு முன்னால் நின்றார்கள். கறுப்புக் கோட்டு பக்கத்துப் படத்துக்கு முன்னால் நின்றான்.

"பார்த்தியா, பார்த்தியா! கூட்டத்துல கை வெக்க மாட்டான். ஆளில்லாத இடமா பார்த்துத்தான் மடக்குவான்."

"ஹோட்டலுக்கே போயிடலாங்க."

வெளியே போகிற வழி என்று அம்புக்குறி போட்ட திசையில் விறுவிறுவென்று நடந்தார்கள். அது ஒரு நீளமான நடைபாதை. ஈ, காக்கை இல்லை. பின்னால் ஷூ சத்தம் வேகம் எடுத்தது.

அவன் வந்தேவிட்டான். வந்தவன் மெல்லிய குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே அவளை நோக்கிக் கையை நீட்டினான்.

"தீஃப்! தீஃப்! போலீஸ்!"

லாட்ஜில் மூன்றாவது மாடிவரைக்கும் கேட்கிற தொண்டை அது. இரண்டு பக்கத்து அறையிலிருந்தும் ஜனங்கள் ஓடி வந்தார்கள். ஒரு பெண் தன் பையை இறுக்கிப் பிடித்தாள். ஒருவன் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

கறுப்புக் கோட்டுக்காரன் ஓடவில்லை. காது மடல்வரை சிவந்துபோய் நின்றான். கோட்டுக்குள்ளிருந்து மியூசியம் முத்திரை போட்ட அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். பிறகு செல்போனில் தன் மொழியில் ஏதோ பேசினான். போன் அதைத் தமிழில் சொன்னது.

"மன்னிக்கவும். நான் இங்கே காவல் பணியில் இருக்கிறேன். அம்மாவின் விரலில் இருப்பது எங்களுடையது."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய வலது கைச் சுண்டுவிரலில், சாயம் போன சிவப்பு நூல் ஒன்று நாலு சுற்று சுற்றியிருந்தது.

"ஐயையோ! என்னங்க... பிசிறு நீட்டிக்கிட்டு இருந்துதுங்க. கை தானா போயிருக்கு. சத்தியமா எடுத்ததே எனக்குத் தெரியாதுங்க!"

செக்கிங்கில் அதுதான் பழக்கம். பிசிறைக் கண்டால் இழுக்க வேண்டும், தரையில் போடாமல் விரலில் சுற்றிக்கொண்டு அடுத்த துணிக்குப் போக வேண்டும். டூர் வந்த இடத்திலும் கை டியூட்டி பார்த்துவிட்டது.

"நானூறு வருடத்துத் திரைச்சீலை," என்றது போன். "பயப்பட வேண்டாம். திரும்பவும் சேர்த்துவிடுவார்கள்."

அவள் நீட்டிய விரலிலிருந்து நூலைப் பதமாகப் பிரித்து, ஒரு சின்னக் கவரில் போட்டுக்கொண்டான்.

கணவருக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் மேனேஜர் ஆயிற்றே, சும்மா விட்டுக்கொடுப்பாரா?

"அங்கேயே கேட்டுத் தொலைச்சிருக்கலாமே! எதுக்கு நாலு அறையா பின்னாடியே வந்து மனுஷனை பயமுறுத்தணும்?"

போன் அதை அவனுக்குச் சொன்னது. அவன் சுற்றி நின்ற கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அங்கே ஒரு பள்ளிக்கூடமே நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் ஒரு அம்மாவைத் திருடி என்று நினைக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை."