கடைசிப் பாகத்துக்கு மார்க்

"அம்மா, நாம போனப்புறம் அந்த மாமா என்ன பண்ணுவாரு?"

விண்வெளி வீடியோ கேமின் முதல் பாகத்தை அவள் விளையாடியபோது மடியில் இருந்த மகள் கேட்ட கேள்வி அது. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பத்திரிகையில் கேம் விமர்சனம் எழுதும் அம்மாவின் மேசையில், அந்தக் கதையின் கடைசிப் பாகம் ஓடிக்கொண்டிருந்தது.

பத்திரிகை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வில்லனை முடிச்சு உலகத்தையே காப்பாத்தியாச்சு. இன்னும் மார்க் போடாம எங்க சுத்திக்கிட்டு இருக்கீங்க?"

"முதல் பாகத்துல வந்த பழைய நிலையத்துக்குப் போறேன் சார். அதைப் பார்க்காம மார்க் போட மனசு வரல."

"அங்க எதுக்கு? ஓஹோ, புதையலா! கிடைச்சா நாமதான் முதல்ல போடணும். வீடியோ பதிவாகட்டும், டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் போனதும் அவள் பதிவை நிறுத்தினாள். 'கடவுளே, அந்த மாமா இருக்கணும்' என்று வேண்டியபடி நிலையத்தின் கதவைத் திறந்தாள்.

நரைத்துப்போன காவலாளி அதே நாற்காலியில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். அன்று அவளுடைய விண்கலம் கிளம்புவதற்காக, தன்னிடமிருந்த ஒரே மாற்று ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தவர். 'திரும்பி வந்து கொடுத்துடலாம் கண்ணு' என்றுதான் மகளுக்கு அவள் பதில் சொல்லியிருந்தாள்.

புதுச் சிலிண்டரை அவர் காலடியில் வைத்தாள். திரையில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அவருடைய மூச்சு மட்டும் சீரானது.

"புதையல் கிடைச்சுதா?" என்றபடி ஆசிரியர் திரும்பி வந்தார்.

"அங்க எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றவள், பத்துக்குப் பத்து போட்டாள்.