பன்னிரண்டு முதுகுகள்

முதல் பெண் குனிந்ததுமே டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அளவு பார்க்கவே தேவையில்லை. சட்டைக்குள் வலப்பக்க விலா ஒரு மேடு மாதிரி தூக்கி நின்றது. ஆனாலும் முறைப்படி, கொத்தனாரின் ரசமட்டம் போலிருந்த கருவியை முதுகின் குறுக்கே வைத்தார். நேரான முதுகென்றால் நடுவிலேயே நிற்க வேண்டிய குண்டு உருண்டு போய்ப் பதினொரு டிகிரியில் நின்றது.

"முதுகெலும்பு ஒரு பக்கமா வளைஞ்சிருக்கும்மா. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம். அதுவரைக்கும் மூணு வாரம் விளையாட வேண்டாம்."

பெண்ணின் அம்மா நின்ற இடத்திலேயே உடைந்துபோனாள்.

பயிற்சியாளர் ஓடி வந்தார். பதினெட்டு வருடமாகப் பேட்மிண்டன் சொல்லிக்கொடுக்கிறவர். அதைவிட நன்றாக, அழுகிற பெற்றோரை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? விளையாடுற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா. சோபாவுல சாஞ்சுக்கிட்டு டிவி பார்க்குறதுங்களுக்கா வரும்? ஒரே கையால வருஷக்கணக்கா அடிச்சா உடம்பு காட்டிக்குடுக்கத்தானே செய்யும். உழைப்புக்கு அத்தாட்சின்னு வெச்சுக்கங்க."

விளையாடுகிறவர்களிடம் இது கொஞ்சம் கூடுதலாகவே காணப்படுகிறது, ஆனால் இது பதக்கம் இல்லை என்று சொல்ல டாக்டரம்மா வாயைத் திறந்தார். வரிசையில் இன்னும் பதினொரு பேர். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

வரிசையில் ஏதோ ஒரு கிசுகிசுப்பு முன்னாலிருந்து பின்னால் போனது.

இரண்டாமவளுக்கு ஏழு. மூன்றாமவளுக்கு எட்டு. அடுத்த இருவர் இரட்டைப் பிறவிகள். ஒருத்திக்கு இடப்பக்கம் ஒன்பது, இன்னொருத்திக்கு வலப்பக்கம் ஒன்பது.

ஐந்தாவது முதுகோடு அம்மாக்கள் அழுவதை நிறுத்தினார்கள். ஏழாவது முதுகுக்குள் ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"உங்க பொண்ணுக்கு எவ்வளவு?"

"ஒன்பது."

"பரவாயில்லையே! எங்க வீட்டுல ஏழுதான். அப்பா மாதிரி, எதுலயும் முழுசா இறங்க மாட்டா."

ஒருத்தி மாமியாருக்குப் போன் போட்டு, "பத்து வாங்கியிருக்கா அத்தை!" என்று கத்தினாள். பதினொன்று வாங்கியவளின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்வரிசை நாற்காலிக்கு வந்திருந்தாள்.

கடைசிப் பெண்தான் இருப்பதிலேயே சின்னவள். பாத்ரூம் போய்விட்டு அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்தாள். குனிந்தாள். குண்டு நடுவை விட்டு அசையவில்லை.

"ஒண்ணுமே இல்லை. அருமையான முதுகு," என்றார் டாக்டரம்மா, மனசாரவே.

அம்மாவின் முகம் தொங்கிப்போனது.

"சரியா பாருங்க டாக்டர். நாலு வருஷமா காலைல அஞ்சு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன். ஒரு டிகிரிகூடவா இல்ல?"

பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான். நெட் பக்கத்துலயே நின்னு டேக்கா குடுத்துக்கிட்டு இருக்கா. நாளையிலேருந்து ஒரு மணி நேரம் கூடுதலா வரட்டும்."

சின்னவளுக்கு உதடு பிதுங்கியது. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காக்களைப் பார்த்தாள். இரட்டைப் பிறவிகளில் ஒருத்தி கூரையைப் பார்த்தபடியே தன் இடது முழங்காலை இரண்டு தட்டு தட்டினாள்.

"அம்மா, இன்னொரு தடவை பார்க்கச் சொல்லும்மா."

இந்த முறை குண்டு உருண்டு எட்டில் நின்றது.

"பார்த்தீங்களா சார்! எம் பொண்ணு யாரையும் ஏமாத்தல," என்று அம்மா மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். பயிற்சியாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

டாக்டரம்மா குண்டைப் பார்க்கவில்லை. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக, முதுகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

இடது முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. அப்படியே நிற்கிற சிரமத்தில் தொடை நடுங்கியது.

ஒரு கால் மடங்கினால் இடுப்பு சாயும். இடுப்பு சாய்ந்தால் எந்த முதுகும் சாயும். படிக்கப் போன முதல் வருடம் டாக்டரம்மாவுக்குச் சொல்லித் தந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று வாரம் ஓய்வு என்று காதில் விழுந்ததும் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பத்துத் தலைகள் அவசரமாக ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தன. முதல் பெண் மட்டும் கண்ணை மூடி, வலது விலாவில் கையை வைத்து, சுவரில் சாய்ந்திருந்தாள்.

டாக்டரம்மா மேஜைக்குப் போனார். பன்னிரண்டு சீட்டிலும் ஒரே கையெழுத்தில், மூன்று வாரம் முழு ஓய்வு என்று எழுதினார். ஒன்றில் மட்டும் எக்ஸ்ரே என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

பயிற்சியாளர் சீட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டினார். சிரிப்பு மெல்லக் காணாமல் போனது. "எல்லாருக்குமேவா? சனிக்கிழமை போட்டிக்கு நான் யாரை அனுப்புறது?"

"அத்தாட்சி இல்லாத பிள்ளை யாராவது இருந்தா அனுப்புங்க சார்."

அடிக்கோடு போட்ட சீட்டை மட்டும் அவர் கையிலிருந்து உருவி, டாக்டரம்மா நேராக முன்வரிசைக்குப் போனார்.

"இன்னைக்கே எடுத்துடுங்கம்மா. தள்ளிப் போடாதீங்க."

அந்த அம்மா சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரிக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டாள்:

"எங்க பொண்ணோடதுதானே டாக்டர், எல்லாரையும் விட அதிகம்?"