ஷி ஃபெல்

“ஃபால்டு இல்லம்மா, ஃபெல். ஃபெல்!” என்றாள் ஆபீஸ் மேடம், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக.

சாப்பாட்டு ஹாலில் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு எங்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். தையல் பிரிவில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்கள் என்று பொறுக்கியெடுத்த கூட்டம்.

நாங்கள் தைக்கும் சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா சோதனைக்கு வருகிறார். தொழிலாளி ஒருத்தியிடம் நேராகப் பேசுவார். நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்.

நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இஸ்திரிப் பெண் படிக்கட்டில் விழுந்தாள். ஷி ஃபெல் ஆன் தி ஸ்டெப்ஸ்.

அவள் எந்தப் படிக்கட்டிலும் விழவில்லை.

இஸ்திரி மேஜையின் ஒயர் பிய்ந்து, உள்ளே இருக்கிற கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அன்றைக்குத் தரையில் ஈரம். ஷாக் அடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரிந்தால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் இந்தப் பிரிவையே இழுத்து மூடிவிடுவோம், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டுங்கள் என்று சூப்பர்வைசர் சொன்னதும் தெரியும்.

என் நாக்கு சனியன். எத்தனை தரம் சொன்னாலும் ஃபால்டுதான் வந்தது. எனக்கு அடுத்து நின்றவள் ‘ஃபீல்’ என்றாள். பொய் சொல்வதற்குக்கூடப் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

காஜாக்காரி மட்டும் முதல் தடவையே பிசகாமல் சொன்னாள். கொஞ்சமும் திக்கவில்லை. மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

அவள் காஜா மெஷினில் உட்காருகிறவள், சட்டைக்குப் பொத்தான் துளை போடுவது அவள் வேலை. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இஸ்திரிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று மொத்தப் பிரிவும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதது. இவள் குனிந்த தலை நிமிராமல் துளை போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையிலும் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

கல்நெஞ்சக்காரி என்று அவள் காதுபடவே சொன்னேன். அவள் ஊசிக்கு நூல் கோத்தாள்.

வீட்டில் அம்மா படுத்த படுக்கையாம், இவள் சம்பாதித்தால்தான் மருந்தாம். இருக்கட்டுமே. எங்கள் வீட்டில் மட்டும் என்ன பாலும் தேனுமா ஓடுகிறது?

அந்த அம்மா வந்தார். தலைமை ஆபீஸிலிருந்து வந்திருந்த மேனேஜர் கூடவே நடந்தார். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பெருந்தன்மையாகக் கையை வீசினார். வீசிய கை காஜா மெஷினுக்கு நேராகப் போய் நின்றது. நான் அடுத்த மெஷினில் காலர் தைப்பது போல் பாவனை செய்தேன்.

நல்ல மனுஷி மாதிரிதான் தெரிந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார்.

காஜாக்காரி எழுந்து நின்றாள். “ஷி ஃபெல் ஆன் தி ஸ்டெப்ஸ்.”

நீ பார்த்தாயா என்று அடுத்த கேள்வி. இதற்கு மேடம் எங்களைத் தயார் செய்திருக்கவில்லை. மேனேஜரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

“ஐ ஸா,” என்றாள் காஜாக்காரி.

அந்த அம்மா அவள் தோளைத் தட்டிக் கொடுத்து, உன் இங்கிலீஷ் அழகாக இருக்கிறது என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. செத்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளுக்குப் பாராட்டு வேறு.

காரை வழியனுப்பிவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன சந்தோஷம் அவருக்கு. நேராகக் காஜா மெஷினுக்கு வந்தார்.

“அசத்திட்டியேம்மா! எந்த ஸ்கூல்ல படிச்சே?”

“நான் எங்க சார் படிச்சேன்? தங்கச்சி சொல்லிக் குடுத்தா. நான் சமைக்கும்போது பக்கத்துல உக்காந்து தினமும் சொல்லச் சொல்லுவா. தப்பா சொன்னா சிரிப்பா.”

மேனேஜர் மனம் குளிர்ந்து போனார்.

“இங்க ஒரே வீட்டுல ரெண்டு பேரை எடுக்கறதில்ல. வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா ரெண்டு மெஷின் சும்மா நிக்கும் பாரு. பரவாயில்ல, உனக்காக நான் சொல்றேன். நாளைக்கே அவளைக் கூட்டிட்டு வா.”

காஜாக்காரி மெஷினை நிறுத்தினாள்.

“அப்பவே கூட்டிட்டு வந்துட்டேன் சார்,” என்றாள். “யாரோ எவளோன்னு சொல்லித்தான் சேத்துவிட்டேன். இஸ்திரி மேஜையில.”