சுபா சிரித்த படம்

படங்களிலிருந்த முகங்களை லேப்டாப் தானாகவே பிரித்து அடுக்கிவிட்டது.

வட்டம் வட்டமாக. அப்பா. அம்மா. அவள். தங்கை சுபா.

ஐந்தாவது வட்டத்தில் ஒருவன். அவள் பார்த்தறியாத முகம். கீழே பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது.

லேப்டாப் சுபாவுடையது. சென்னையில் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய துணிமணிகளோடு அதுவும் கோவில்பட்டி வீட்டுக்கு வந்திருந்தது. மறுநாள் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும்.

"நல்லாச் சிரிச்ச மாதிரி பாரு" என்று சொல்லியிருந்தார் அப்பா.

சுபாவின் வட்டத்தைத் திறந்தாள்.

அடையாள அட்டைக்கு எடுத்தது. கல்யாண வீடுகளில் வரிசையாக நின்றது. எதிலும் சிரிப்பில்லை. முன்பல் சற்றுத் தூக்கல் என்பதால் சின்ன வயதிலிருந்தே கேமராவைப் பார்த்தால் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

ஐந்தாவது வட்டத்தைத் திறந்தாள்.

கடற்கரை. மின்சார ரயில். ஏதோ ஒரு மொட்டைமாடி.

அத்தனையிலும் அவனோடு சுபா. அத்தனையிலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மொட்டைமாடிப் படத்தை எடுத்து வெட்டினாள். அவன் முகம் போயிற்று. சுபா சாய்ந்திருந்த தோள் மட்டும் போகவில்லை. நீலச் சட்டை. இன்னும் வெட்டினால் அவள் காது போய்விடும்.

அப்பா பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

யாருடைய தோள் என்று அவர் கேட்கவில்லை.

"அத எடுத்துரும்மா."

அழிக்கும் கருவியைத் தோளின் மேல் தேய்க்கத் தேய்க்க அந்த இடத்தில் சுவர் வந்தது. தலை மட்டும் எதன்மீதோ சாய்ந்தபடியே இருந்தது. அதை அவள் தொடவில்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்து அழுதார்கள். "இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே" என்றாள் அத்தை.

அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான். ஐந்தாவது வட்டத்து முகம் என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாருப்பா?" என்று கேட்டாள் அம்மா.

"அற்புதராஜ். சுபாகூட வேல பாத்தேம்மா."

கூடத்தில் பேச்சு நின்றது. பிறகு மெதுவாகத் தொடர்ந்தது.

அவன் படத்தின் முன்னால் போய் நின்றான். கும்பிடவில்லை. பூ போடவில்லை. சுபாவின் தலைக்குப் பக்கத்திலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பியவனை அவள் மறித்தாள்.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

பந்தி உட்கார்ந்திருந்தது. நடுவில் அப்பா. கடைசியில் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே அவனை அவள் அழைத்துப் போகவில்லை. அப்பாவின் பக்கத்தில் குனிந்து ஒரு இலையை விரித்தாள். இடம் போதவில்லை. இலையின் நுனி மடங்கியது.

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு தன் இலையை இழுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். மடங்கியிருந்த நுனி விரிந்தது.