புள்ளி விழாத ஸ்டாப்

மூணரை மணி வெயில் மண்டையப் பொளக்குது. நகரத் திட்ட ஆபீஸ்ல புதுசா சேந்த பொண்ணு பஸ் ஸ்டாப்புல டேப்லெட்டும் கையுமா முழிச்சுக்கிட்டு நிக்கிறா. ஜனங்க எங்க நின்னு போன்ல படம் புடிச்சுப் போடுறாங்களோ, அங்க டேப்லெட் மேப்ல சிவப்பா ஒரு புள்ளி விழும். எதிர்ல படம் வரைஞ்ச சுவருகிட்ட அம்மை போட்ட மாதிரி புள்ளி, ஆனா இப்ப அங்க ஒரு ஈ காக்கா இல்ல. இந்த ஸ்டாப்புல புள்ளியே இல்ல, ஆனா ஒரு முழ நிழல்ல பதினோரு பேரு ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எல்லாரும் சலவைக் கம்பெனி அக்காங்க, விரலெல்லாம் ஊறி வெளுத்திருக்கு. ஸ்டாப் எங்க இருக்கணும்னு நாலு மணிக்குள்ள அவ எழுதி அனுப்பணும். "ஏம்மா, ஸ்டாப்ப சுவருகிட்ட மாத்தப் போறீங்களாமே?"ங்கிறா ஒரு அக்கா. "இங்க யாரும் வர்றதில்லன்னு மேப் காட்டுதுக்கா." "அப்ப நாங்க என்ன பேயா?" கொல்லுனு சிரிப்பு. "பஸ்ஸுக்கு நிக்கிறத எவடி படம் புடிச்சுப் போடுவா?"ங்கிறா இன்னொருத்தி. "பாத்தீங்கல்ல, பதினோரு பேருன்னு எழுதுங்க." "கண்ணால பாத்தத எழுத ஃபார்ம்ல கட்டமே இல்லக்கா." சொல்லும்போதே அவளுக்கு என்னமோ மாதிரி இருக்கு. சட்டுனு போன எடுத்து அவங்களப் படம் புடிச்சுப் போடுறா. டேப்லெட்ல பொட்டுனு ஒரு புள்ளி விழுது. "இதுல நாங்க எங்கம்மா?" அக்கா எட்டிப் பாக்குறா. "இது... நான்க்கா." அதுக்குள்ள பஸ் வந்து பதினோரு பேரையும் அள்ளிக்கிட்டுப் போயிருது. நிழல் காலியா கெடக்கு. மேப்ல முதல் தடவையா இங்க ஆள் இருக்குன்னு காட்டுது.