ஹோய் ஆன் பின்தெரு

"இன்னைக்கும் பின்தெருதானா சிஸ்டர்?"

எனக்குப் பொறுமை போயிருச்சு. வியட்நாம் வந்து மூணு நாளாச்சு. ஹோய் ஆன்ங்கிற இந்தப் பழைய ஊருக்கு உலகமே எதுக்கு வருது? பொழுது சாஞ்சா ஆத்துல காகித விளக்கு மிதக்க விடுவாக, அதைப் பார்க்கத்தான். எங்க எட்டுப் பேரையும் கூட்டிட்டு வந்த ஷைலா சிஸ்டரோ, சரியா அந்த நேரத்துக்கு ஆத்துக்கு முதுகைக் காட்டிட்டு சந்து சந்தா நடக்காக.

சிஸ்டர் சிவகாசியில நர்ஸு. எங்க தெருதான். டிக்கெட், ரூமு எல்லாம் அவுக ஏற்பாடு. அதனால ஒருத்தரும் எதிர்த்துப் பேசலை.

"அங்கன கூட்டம் அண்ணாச்சி. இங்கன பாருங்க, எம்புட்டு அமைதியா இருக்கு!"

அமைதியாம் அமைதி! மஞ்சச் சுவரு, அதுக்கு மேல காகிதப்பூ, கொடியில காயுற சட்டை, வாசல்ல உக்காந்து பலகையில காய் நகர்த்துற ரெண்டு கிழவங்க. இதுக்கா சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்துல இருந்து கிளம்பி பிளைட் ஏறி வந்தேன்?

கூட வந்த பாலகுரு என் காதுல கிசுகிசுத்தான். "அவுக வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. விளக்கு விடுறது ஆகாது போலண்ணே."

"அவுகளுக்கு ஆகாதுன்னா நாம ஏம்ப்பா பட்டினி கிடக்கணும்?"

எனக்கும் பொண்டாட்டிக்கும் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம். அதுக்காக மக ஓவியா அனுப்பி வச்ச பயணம் இது. "அப்பா, நீங்க விளக்கு விடுற போட்டோ ஒண்ணு அனுப்புங்க, போதும்"னு சொல்லியிருந்தா. விடிஞ்சா ஊருக்குக் கிளம்பணும்.

என் பொண்டாட்டி கையைப் பிடிச்சேன். "வேலுத்தாயி, வா போவோம்."

"சிஸ்டர் கோவிச்சுக்கிருவாகளே..."

"கோவிக்கட்டும். நான் பட்டாசுக் கம்பெனி போர்மேன். விளக்குப் பார்க்காமத் திரும்பினேன்னா ஊரு சிரிக்கும்."

அவ கூட வந்தா.

ஆத்தங்கரையில ஒரு அம்மா மெழுகுவத்தியைப் பத்தவச்சு, காகித விளக்குக்குள்ள நிறுத்தி நீட்டினாக. வேலுத்தாயி வாங்கிக்கிட்டா. நான் செல்லைத் தூக்கினேன்.

"சிரி."

சிரிச்சா.

எடுத்ததைப் பார்த்தா, கண்ணு மூடியிருக்கு. இன்னொண்ணு எடுத்தேன். அதுலயும் மூடியிருக்கு.

"கண்ணைத் திற, வேலு!"

"சீக்கிரம் எடுங்க"ன்னா. கையில விளக்கு சாஞ்சிருக்கு. மெழுகு விரல்ல சொட்டினதுகூட அவளுக்குத் தெரியலை.

பின்னாலயே ஓடி வந்த சிஸ்டர் விளக்கை வெடுக்குன்னு வாங்கி ஊதி அணைச்சுட்டாக. எனக்கு வந்துச்சே கோவம்!

"உங்க வேதத்துக்கு ஆகாதுன்னா ஒதுங்கி நில்லுங்க சிஸ்டர். எங்களை ஏன் தடுக்கீக?"

சிஸ்டர் வேலுத்தாயி பக்கம் திரும்பினாக. அவ விரலைத் துடைச்சுவிட்டுக்கிட்டே கேட்டாக. "இப்பவாச்சும் சொல்லட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். அவுக ஆசையா வந்திருக்காக."

"என்னத்தைச் சொல்லணும்?"ன்னேன்.

"தாயில்பட்டியில இவ வேலை பார்த்த பட்டாசு ரூமு வெடிச்சுச்சுல்ல அண்ணாச்சி, அதுல இருந்து நெருப்பைக் கண்டாலே இவளுக்கு ஒடம்பு ஆடும். அடுப்பைக்கூடக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பத்தவைக்கா. அதுக்காகத்தான் மூணு நாளா சந்துக்குள்ளயே நடந்தேன்."

"அது நடந்து ஆறு வருசமாச்சே! காயமெல்லாம் ஆறிப்போச்சு. ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வேலுத்தாயி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

சிஸ்டர் கோவப்படலை. மெதுவாத்தான் கேட்டாக.

"தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் குடுத்துட்டு வாறேன்னு எங்க வீட்டுக்கு வாறவ, ராத்திரி ஊரு அடங்குற வரைக்கும் ஏன் திரும்பலைன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீகளா அண்ணாச்சி? நம்ம தெருவுல அன்னைக்கு வெடி போடாத வீடு எங்க வீடு ஒண்ணுதான்."