ஆதார் போட்டோ வேண்டாம்

விருத்தாசலம் ஃப்ளெக்ஸ் கடையில் அந்த அம்மா உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, கடைக்காரன் கொளஞ்சிநாதன் கண்ணீர் அஞ்சலி பேனருக்குத் தட்டச்சு செய்தான்.

“பேரு திரௌபதி. கம்மாபுரத்துக் கழனியில வளந்தவ. பத்து வயசுலயே ஏர் ஓட்டினவ. முட்ட வந்த காளைய மூக்கணாங்கயித்தப் புடிச்சி நிறுத்தினவ!”

“வருந்துவோர் பேருங்கம்மா?”

“மொதல்ல எங்க எருமை லட்சுமி. அப்புறம் மூணு புள்ளைங்க.”

துக்க வீட்டுக்காரர் முன்னால் சிரிக்கக் கூடாதென்று அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். “போட்டோ குடுங்கம்மா.”

“எங்க அக்கா பேனர்ல ஆதார் போட்டோவப் போட்டு, திருடி மாதிரி ஆக்கிட்டானுங்க தம்பி!”

தலைமுடியைக் கோதிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சிரிக்கிறேன், எடு. செத்த தேதிய மட்டும் காலியா வுட்டுடு.”